நீச்சல் குளத்துக் கணக்கும் எங்கட கிணறும்

என்ர மச்சான் பாசிக்குடாவில ஒரு ஹோட்டல்ல நீச்சல் குளம் பராமரிக்கிறான். தினமும் காலையில சின்னக் குப்பியில தண்ணி அள்ளி, மருந்துத் துளி விட்டு, நிறத்தை அட்டையோட ஒப்பிட்டுப் பார்ப்பான். பி.எச். 7.2க்கும் 7.8க்கும் இடையில நிற்கவேணும். குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம். பி.எச். கூடினால், குளோரின் இருந்தும் கிருமி கொல்லுற பலம் குறைஞ்சு போகும். எது குறைஞ்சாலும் அதுக்கொரு மருந்து போட்டுச் சமப்படுத்தலாம்.

லீவுக்குக் கல்லடிக்கு வந்தவனிட்ட, எங்கட கிணத்தையும் ஒருக்காப் பாக்கச் சொன்னார் அப்பா. குடிக்கிறதுக்கு உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணி இருக்கு. குளிக்க, துவைக்க, மரத்துக்கு ஊத்தக் கிணறுதான். ஆவணி வந்தால் தண்ணி சவர்க்கும், சவுக்காரம் நுரைக்காது. இன்னும் ஆழமாக்கிப் பெரிய மோட்டர் போட்டால் சரிவரும் எண்டது அப்பாட யோசினை.

"குளோரின் கிருமிக்குத்தான் மாமா. உப்புக்கு என்னட்ட மருந்து இல்ல" எண்டான் மச்சான்.

ஏன் இல்லை எண்டதை எனக்குப் புவியியல் பாடம்தான் விளக்கிச்சு. கல்லடி, கடலுக்கும் வாவிக்கும் இடையில கிடக்கிற மணல் திட்டு. மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி, பாரமான உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது. கடல்மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நிண்டால், கீழ ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும் எண்டது கைபன்–ஹெர்ஸ்பேர்க் கணக்கு. இடத்துக்கிடம் இது மாறும். ஆனா மேல கொஞ்சம் இறைச்சாலே கீழ உப்பு நிறைய ஏறும் எண்டது மாறாது. ஆழமாக்கினால் நாங்களே உப்புக்குக் கிட்டப் போறம்.

"இறைத்த கிணறு ஊறும்" எண்டு பழமொழி சொல்லுவம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பாகினபோது சனம் அதைத்தான் செய்தது. திரும்பத் திரும்ப இறைச்சார்கள். "இறைக்க இறைக்கக் கடல்தான் ஊறிச்சு" எண்டுவா அம்மம்மா. கடல்நீர் புகுந்த கிணறுகளை அளவுக்கு மிஞ்சி இறைச்சால் உப்பு இன்னும் ஏறும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின் குறிப்பும் எச்சரிக்குது. கடைசியில உப்பைக் கீழ தள்ளுறது மாரி மழைதான்.

நீச்சல் குளத்துக்குச் சுவர் இருக்கு. உள்ள இருக்கிற தண்ணி அந்த ஹோட்டலுக்கு மட்டும். கிணத்துக்கட்டு எங்கட எண்டாலும் தண்ணி பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான். எங்கட மோட்டர் பெரிசானால் அவையின்ர வாளியும் சவர்க்கும். இதைச் சொன்ன பிறகு, மோட்டர் வாங்குற கதையை அப்பா கொஞ்சம் தள்ளி வைச்சிருக்கிறார்.

இப்ப எங்கட ஒழுங்கையில முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல் பதிக்கிற வீடுகள் கூடுது. பார்க்க வடிவுதான். ஆனா மாரியில விழுற மழை மணலுக்குள்ள இறங்காமல் கானால ஓடி வாவிக்குப் போகுது. எங்களிட்ட இருக்கிற ஒரே மருந்தை நாங்களே வெளியில ஊத்துறம். முற்றத்தில பாதியையாவது மணலாக விடுங்கோ.