5000 வாட்ஸா... பின்னாடி திருப்புங்க பாஸ்!

முதல் சம்பளத்துல ஸ்பீக்கர் செட் வாங்கப் போறீங்களா? கடைக்காரர் 'பி.எம்.பி.ஓ. 5000 வாட்ஸ்'னு ஸ்டிக்கரைக் காட்டினா, பெட்டியைப் பின்பக்கம் திருப்பச் சொல்லுங்க. எவ்வளவு மின்சாரம் இழுக்கும்னு பொடி எழுத்துல போட்டிருக்கும். 60 வாட்ஸ்னு இருந்தா, உள்ளே போறது 60, வெளியே வர்றது 5000 எப்படி? அம்மாவோட மிக்ஸியே 500, 750 வாட்ஸ்தாங்க! அந்த 5000, கண் சிமிட்டும் நேரத்துக்கான காகிதக் கணக்கு.

நிஜ வாட்ஸ் கூடினாலும் பெரிய லாபமில்லை. 20 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் 40 ஆனா, கூடுறது வெறும் 3 டெசிபல். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரிய சுமார் 10 டெசிபல் வேணும். அதாவது பத்து மடங்கு வாட்ஸ்! 87-க்குப் பதிலா 90 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் வாங்கினா, அந்த 3 டெசிபல் சும்மாவே கிடைச்சுடும்.

எங்க அப்பாகிட்ட ஒரு ஜோடி மரப்பெட்டி ஸ்பீக்கர் இருந்தது. கோனைச் சுத்தி இருக்கிற ஃபோம் வளையம் உதிர்ந்து, பாட்டு போட்டாலே கரகர. "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடுடா, டி.வி.யிலயே கேட்டுக்கிறேன்"னுட்டார். ஆனா டி.வி.யில இளையராஜா பாட்டு ஓடினா, அவர் விரல் தாளமே போடாது. பேஸ் கிடாரோட தடிமனான கம்பி 41 ஹெர்ட்ஸ். ஒல்லி டி.வி.க்குள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கரால அதுக்கு வேண்டிய காற்றைத் தள்ள முடியாது. பாட்டோட பாதி உயிரே அங்கதானே இருக்கு!

ரிப்பேர் கடையில வளையத்தை மட்டும் மாத்தி, சின்னதா ஒரு ஆம்ப்ளிஃபயர் இணைச்சோம். சின்னது போதும். சுமாரான ஆம்ப்ளிஃபயரிலேயே டிஸ்டார்ஷன் 0.1 சதவிகிதத்துக்குக் கீழேதான் இருக்கும். ஸ்பீக்கர்ல, அதுவும் பேஸ்ல, சாதாரணமா 1 சதவிகிதத்தைத் தாண்டும். அதனால காசை ஸ்பீக்கர்ல போடுங்க. ஒண்ணு மட்டும்... சின்ன ஆம்ப்ளிஃபயரை முழு வால்யூம்ல கதறவிட்டா ட்வீட்டர் கருகிடும்.

மூலையில வெச்சப்போ பேஸ் 'தும் தும்'னு குழம்பிச்சு. ரெண்டு அடி முன்னாடி இழுத்ததும் தெளிஞ்சது. கூட்டுறதுக்கு இடைஞ்சல்னு அம்மா இன்னமும் தினம் உள்ளே தள்றாங்க, அப்பா வெளியே இழுக்கிறார்!

கடைக்குப் போறப்போ நூறு தடவை கேட்ட பாட்டு ஒண்ணை எடுத்துட்டுப் போங்க. ரெண்டு ஸ்பீக்கரையும் ஒரே சத்தத்துல வெச்சுக் கேளுங்க. சத்தம் ஒரு துளி கூடுதலா இருந்தாலே, அதுதான் நல்ல ஸ்பீக்கர்னு காது ஏமாந்துடும். இது கடைக்காரருக்கும் தெரியும்.