பீர் பஞ்சாலைத் தாண்டிய மின்சாரம்

கோவேறு கழுதைகளும் திணறும் சரிவுகளில் மின்கோபுரங்களைக் கொண்டுவந்து இறக்கியது ஒரு ராட்சத ஹெலிகாப்டர். காஷ்மீரின் குளிர்கால இருட்டு அதனால் எவ்வளவு குறைந்திருக்கிறது?

பூஞ்ச் மாவட்டத்தின் பஃப்லியாஸிலிருந்து ஷோபியான் வரை 84 கி.மீ. நீள்கிறது முகலாயர் சாலை. டெல்லி பாதுஷாக்கள் கோடையைக் கழிக்க யானை, குதிரை, பரிவாரங்களோடு காஷ்மீருக்குப் போன பழைய வழி இது. 1627ல் காஷ்மீரிலிருந்து திரும்பும்போது ஜஹாங்கீர் இறந்ததும் இந்தப் பக்கத்தில்தான். சாலையின் உச்சியான பீர் கி கலி கணவாயின் உயரம் சுமார் 3,490 மீட்டர். பனி மூடிவிட்டால் வண்டி போகாது.

இதே மலைத்தொடரை இப்போது 400 கிலோவோல்ட் மின்பாதை ஒன்றும் கடக்கிறது. ஜலந்தரில் தொடங்கி, ஜம்முவின் சாம்பா வழியாக, வடக்கே அமர்கர் துணை மின்நிலையம் வரை மொத்தம் 400 கி.மீ.க்கு மேல். ஸ்டெர்லைட் பவர் நிறுவனம் அமைத்த இந்தப் பாதை 2018ல் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது.

காஷ்மீரின் மின்சாரக் கணக்கு சற்று விபரீதமானது. கோடையில் பனி உருகி ஆறுகள் பெருக்கெடுத்து ஓடும். நீர்மின் நிலையங்களுக்குக் கொண்டாட்டம். குளிர்காலத்தில் ஆறுகள் சுருங்க, உற்பத்தியும் விழுந்துவிடும். வீடுகளில் ஹீட்டரும் வெந்நீர் பாய்லரும் ஓயாமல் ஓடுவது சரியாக அந்த மாதங்களில்தான். ஆகவே வெளியிலிருந்து மின்சாரம் வந்தாக வேண்டும். முன்பு முக்கிய மின்பாதைகள் பனிஹால் பக்கமாகவே வந்தன. அங்கே பனிச்சரிவு கோபுரங்களைச் சாய்த்துவிட்டால் பள்ளத்தாக்கின் கதி அதோகதி. வேறு திசையிலிருந்து ஒரு பாதை தேவைப்பட்டது.

ஆனால் பீர் பஞ்சாலின் பல சரிவுகளுக்கு லாரி போகும் வழியே கிடையாது. அதனால்தான் எரிக்சன் எஸ்-64 ஹெலிகாப்டர் வரவழைக்கப்பட்டது. 1962ல் முதலில் பறந்த மாடல். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்துக்குச் சுமை தூக்கியது. நடு உடலே இல்லாமல், வாலும் தலையுமாகத் தும்பி போலிருக்கும். முன்னால் இரண்டு விமானிகள். பின்பக்கம் பார்த்தபடி மூன்றாவது இருக்கை ஒன்று; கீழே தொங்கும் சுமையைப் பார்த்துக்கொண்டே ஹெலிகாப்டரை இயக்க அது உதவுகிறது.

தாழ்வான இடத்தில் இது 11 டன் வரை தூக்கும். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் தூக்கும் சக்தியும் குறைகிறது. எனவே கோபுரத்தைச் சமதளத்தில் பகுதி பகுதியாகப் பூட்டி, ஒவ்வொன்றாகத் தூக்கிச் செல்கிறார்கள். முதல் பகுதியின் தலையில் அடுத்த பகுதி சரியாக அமர, மூலைகளில் வழிகாட்டிச் சட்டங்கள் உண்டு. அமர்ந்ததும் தொழிலாளர்கள் மேலேறி போல்ட்டுகளை முடுக்குகிறார்கள். விசிறியின் காற்று ஆளையே தள்ளும். பறக்கும்போது சேரும் நிலைமின்சாரம் வேறு. தொங்கும் கொக்கியைத் தரையோடு இணைக்காமல் தொட்டால் அடிக்கும். மேகம் இறங்கினாலோ காற்று வலுத்தாலோ வேலை நிற்கும்.

ஆகாய வழியின் லாபம் தெளிவு. கோபுரத்துக்குக் கோபுரம் மலையை வெட்டிச் சாலை போட வேண்டியதில்லை, மரங்களும் தப்பும். ஆனாலும் மலைக்குப் பாதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஷோபியான் பக்கத்து ஹிர்போரா சரணாலயம், முறுக்குக் கொம்பு மார்க்கோர் ஆடுகளின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. கோடையில் பக்கர்வால் இடையர்களும் மந்தைகளோடு இந்த மேய்ச்சல் நிலங்களுக்குத்தான் வருகிறார்கள். மேய்ச்சல் போதாதென்று சாலை, பிறகு மின்பாதை என்று மனித நடமாட்டம் பெருகியதில் கூச்ச சுபாவமுள்ள மார்க்கோருக்கு இடம் சுருங்குகிறது.

பள்ளத்தாக்கின் வீடுகளிலும் பிரச்சினை முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. 2023ன் இறுதியில் கடும் மின்வெட்டு மக்களை வாட்டியது. அமர்கர் வரை மின்சாரம் வந்தால் போதாது. ஆறுகள் வற்றும் மாதங்களில் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், ஊருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர்களும் கம்பிகளும் அதைத் தாங்க வேண்டும். அந்த வேலைகளுக்கு ஹெலிகாப்டர் உதவாது. ஃபெரன் அங்கிக்குள் கணகணக்கும் காங்கிரிச் சட்டிக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.