அடிபட்ட படகுக்கு என்ன விலை? ஜெகதாப்பட்டினம் கரையில் ஒரு கணக்கு!

புதுக்கோட்டை என்றதும் சித்தன்னவாசல் ஓவியம், திருமயம் கோட்டை, ஜல்லிக்கட்டு வாடிவாசல் எல்லாம் நினைவுக்கு வரும். இந்த மாவட்டத்துக்குக் கடலும் உண்டு என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. அறந்தாங்கியைத் தாண்டிக் கடலை நோக்கிப் போனால் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று சுமார் 40 கிலோமீட்டருக்குக் கடலோர ஊர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை இவற்றை இணைக்கிறது. விசைப்படகுகளுக்குக் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும்தான் முக்கியத் தளங்கள்.

பாக் நீரிணையை ஒட்டிய இந்தக் கடலில் ஆழம் குறைவு, அலையும் குறைவு. அதனால் மீனவர்கள் இதைப் 'பெண்கடல்' என்பார்கள். ஆனால், அமைதியான கடல் என்று நம்பிவிட முடியாது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபோது இந்தப் பகுதியும் கடுமையாக அடி வாங்கியது.

புயலில் அடிபட்ட படகு, மணல்திட்டில் தட்டிய படகு, இன்னொரு படகோடு உரசிய படகு... இவையெல்லாம் அப்படியே குப்பைக்குப் போய்விடுவதில்லை. பழுது பார்த்து ஓட்டுவார்கள், அல்லது விற்பார்கள். புதுப் படகுக்கு வசதி இல்லாத குடும்பம், அடிபட்ட படகைக் குறைந்த விலைக்கு வாங்கித் தலையெடுக்கப் பார்க்கும். அங்கேதான் சிக்கல். விலையைத் தப்பாகக் கணித்தால் பணம் மட்டும் போகாது, நடுக்கடலில் உயிரும் போகலாம்.

61 நாள் சந்தர்ப்பம்

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 2017-லிருந்து இது 61 நாள். இந்த நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, வண்ணம் பூசும் காலம் இதுதான். மீன்வளத்துறை படகுகளை நேரடியாக ஆய்வு செய்வதும் இந்தக் காலத்தில்தான்.

பழைய படகு வாங்க நினைப்பவருக்கும் இதுவே நல்ல நேரம். தண்ணீரில் மிதக்கும் படகில் பாதி உடம்புதான் தெரியும். கரையேறிய படகில் அடிவயிறு வரை தெரியும்.

பெரிய காயமா, ஆபத்தான காயமா?

பக்கவாட்டில், நீர்மட்டத்துக்கு மேலே, இரண்டு பலகை உடைந்து ஓட்டை தெரிகிறது. பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால், பலகையைக் கழற்றி வேறு பலகை அடித்தால் வேலை முடிந்தது. அதுவே அடியில் நீளமாக ஓடும் ஏராவில் மயிரிழை போல ஒரு விரிசல் என்றால், அது படகின் முதுகெலும்பு முறிவு. ஏராவையும், அதிலிருந்து விலா எலும்பு போல மேலேறும் குறுக்குக் கட்டைகளையும் மாற்றுவது ஏறக்குறைய படகைப் பிரித்துக் கட்டுவதற்குச் சமம்.

அதனால், படகுக்குப் பின்னால் தள்ளி நின்று முழு உடம்பையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஏரா ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா, நடுவில் தூக்கியிருக்கிறதா என்று தெரியும். உடம்பு வளைந்தால் இன்ஜினையும் விசிறியையும் இணைக்கும் தண்டும் நேர் தப்பும். அப்புறம் இன்ஜின் அதிர்வு, தேய்மானம் என்று செலவு தொடரும்.

தட்டிப் பார், குத்திப் பார்

சிறு சுத்தியலால் பலகையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல மரம் 'டக் டக்' என்று கெட்டியாகப் பேசும். உளுத்த மரம் 'தொப் தொப்' என்று மங்கும். சந்தேகம் உள்ள இடத்தில் கூர்மையான குத்தூசியை அழுத்தினால் மரம் தாங்குகிறதா, உள்ளே இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. மரத்தை உளுக்க வைப்பதில் உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர்தான் மோசம். மரத்தை அரிக்கும் பூஞ்சை உப்பில் எளிதில் வளராது. எனவே, மழைநீர் தேங்கும் மேல்தள மூலைகளையும், ஐஸ் உருகி வடியும் மீன் அறையின் அடிப்பகுதியையும் முதலில் பார்க்க வேண்டும். வெளிக்காயத்தை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் இடம் இது.

கடல்நீருக்கு வேறொரு எதிரி இருக்கிறது: கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் மட்டி, சிப்பியின் உறவுக்காரப் பிராணி. வெளியே குண்டூசி முனை அளவுக்குத்தான் துளை இருக்கும். உள்ளே பலகை தேன்கூடு மாதிரி ஆகியிருக்கும்.

மரத்தின் மேல் பைபர் பூச்சு பூசிய படகு என்றால் இன்னும் கவனம் தேவை. ஈரம் காயாத மரத்தின் மேல் பூசியிருந்தால், மேலே பளபளப்பு, உள்ளே உளுப்பு. தட்டும்போது காலிப் பானை போல ஒலித்தால் பூச்சு மரத்தைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். விற்பனைக்கு முன்பு படகின் ஒரு பகுதிக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால், 'ஏன் அங்கே மட்டும்?' என்று கேட்டே ஆக வேண்டும். ஆணித் தலைகளிலிருந்து வழியும் துருக்கறையும் ஒரு தடயம். அங்கே பிடிமானம் தளர்ந்திருக்கலாம்.

கடைசிச் சோதனை, படகை நீரில் இறக்கி ஓர் இரவு விட்டுவைப்பது. நெடுநாள் வெயிலில் கிடந்த படகின் பலகைகள் காய்ந்து, இடைவெளி விட்டிருக்கும். முதலில் கொஞ்சம் நீர் கசிவது இயல்பு. மரம் ஊறியதும் குறையும். மறுநாளும் நிற்காமல் கசிந்தால் கலப்பத்து வேலையை, அதாவது பலகை இடுக்குகளில் திரி திணித்து அடைக்கும் வேலையை, மறுபடி செய்ய வேண்டும்.

கணக்கு இப்படித்தான்

'அடிபட்ட படகுதானே, பாதி விலை' என்று குத்துமதிப்பாகப் பேசுவது இரு தரப்புக்குமே நஷ்டம். அதே வயது, அதே அளவுள்ள நல்ல படகின் விலையிலிருந்து மூன்றைக் கழிக்க வேண்டும். பழுதுச் செலவு ஒன்று. தொழில் இல்லாத நாட்களின் இழப்பு இரண்டு. பலகையைக் கழற்றிய பிறகு தெரியவரும் மறைந்த சேதத்துக்கான ஒதுக்கீடு மூன்று.

ஓர் உதாரணம். நல்ல படகு 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழுதுக்கு 6 லட்சம், மறைந்த சேதத்துக்கு 2 லட்சம். மிச்சம் 22 லட்சம். தடைக்காலத்தில் வேலையை முடித்தால் தொழில் இழப்பு இல்லை. அதே பழுதை ஆகஸ்டில் இரண்டு மாதம் பார்த்தால்? விசைப்படகுகள் வாரத்துக்கு 3 நாள் கடலுக்குப் போகும் இந்தப் பகுதியில் சுமார் 25 தங்கல் போச்சு. அந்த வருமானத்தையும் கழிக்க வேண்டும். ஒரே காயத்துக்கு ஏப்ரலில் ஒரு விலை, ஆகஸ்டில் ஒரு விலை!

இன்ஜின், கியர்பாக்ஸ், வின்ச், வலை ஆகியவற்றைத் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். உடம்பு போனாலும் இன்ஜினுக்கு விலை உண்டு. இன்ஜின் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

காகிதமும் விலைதான். பதிவு யார் பெயரில் இருக்கிறது, வங்கிக் கடன் பாக்கி உண்டா, மீன்வளத்துறை ஆய்வுக்குப் படகைக் காட்டினார்களா என்று பார்க்க வேண்டும். பதிவு சரியாக இல்லாத படகுக்கு வரிவிலக்கு டீசல் கிடைக்காது.

எல்லைக்கோடும் விலைக்குள் வரும்

பாக் நீரிணையில் படகின் மதிப்பைத் தீர்மானிக்கும் இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத கடல் எல்லை. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற விசைப்படகு, நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படைக் கப்பலுடன் மோதி மூழ்கியது. அதிலிருந்த 4 பேரும் உயிரிழந்தனர்.

பிடிபடும் படகுகள் இலங்கைத் துறைமுகங்களில் வெயிலிலும் மழையிலும் கிடந்தே வீணாகின்றன. 2022 பிப்ரவரியில் 105 படகுகளை ஏலம் விடுவதாக இலங்கை அறிவித்தது. அதே ஆண்டு தமிழக அரசு, மீட்க முடியாத 125 படகுகளுக்கு நிவாரணம் அறிவித்தபோது விசைப்படகுக்கு 5 லட்சம், நாட்டுப்படகுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என நிர்ணயித்தது. 2017-ல் தொடங்கிய ஆழ்கடல் படகுத் திட்டத்தில் ஒரு புதுப் படகின் மதிப்பு 80 லட்சம். இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால், படகை இழந்த குடும்பத்தின் நிலை புரியும்.

மறுபக்கமும் உண்டு. கடலடியை வாரும் இழுவைமடியால் தங்கள் வலைகளும் மீன்வளமும் அழிவதாக வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் குமுறுகிறார்கள். இலங்கை 2017-லேயே இழுவைமடிக்குத் தடைச்சட்டம் போட்டுவிட்டது. ஆகவே, இன்று பழைய இழுவைப் படகு வாங்குபவர் பலகையை மட்டும் தட்டிப் பார்த்தால் போதாது. அடுத்த பத்தாண்டில் இந்தத் தொழில் எங்கே, எப்படி நடக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். வேறு வலைக்கு மாற்றக்கூடிய படகென்றால் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

போக விரும்புபவர்களுக்கு...

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாகச் செல்லலாம். வழியில் ஆவுடையார்கோயில் சிற்பங்களைப் பார்க்கத் தவறாதீர்கள். கல்லில் செதுக்கிய கொடுங்கை, மரவேலையோ என்று மயங்க வைக்கும். மே மாதம் போனால் கரையேறிய படகுகளையும் தச்சு வேலையையும் அருகில் பார்க்கலாம். படகில் ஏறும் முன்பும் படம் எடுக்கும் முன்பும் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.