ஏட்டில் இருந்த இளவேனில்

அரபு மொழியில் 'ரபீஉ' என்னும் சொல்லுக்கு இளவேனில் என்று பொருள். இச்சொல்லை நாம் முதன்முதலாக ஓதியது 1984-ஆம் ஆண்டு, வேலூரில், பதினான்கு வயது மாணவனாக இருந்தபோது. அவ்வாண்டு ரபீவுல் அவ்வல் மாதம் கார்த்திகை மழையோடு வந்திருந்தது. ஓட்டின் வழியே நீர் சொட்டிய வகுப்பறையில் அமர்ந்து, 'முதல் இளவேனில்' என்று அம்மாதத்துக்குப் பொருள் எழுதிக்கொண்டோம். இளவேனில் எங்கே, இந்த அடைமழை எங்கே என்று உடன் ஓதிய ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். உஸ்தாது அவர்கள் சினங்கொள்ளவில்லை. பெயர் சூட்டிய காலத்துப் பருவம் அது. சந்திர ஆண்டுக்கு நாள்கள் 354 மட்டுமே ஆதலால் ஆண்டுதோறும் பதினொரு நாள் போல முந்தி முந்தி, முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிக்கொண்டு மீளும் என்று விளக்கினார்கள்.

அந்த விளக்கத்தை நாமும் ஆசிரியரான பின் எம் மாணவர்க்குச் சொல்லி வந்தோம். 2005-ஆம் ஆண்டில் கணக்குச் சுற்றி வந்து, ரபீவுல் அவ்வல் சித்திரையை ஒட்டியே பிறந்தது. பெயரும் பருவமும் ஒன்றாய்க் கூடிய மகிழ்ச்சி எமக்குத் தாளவில்லை. மேலப்பாளையத்து எம் இல்லத்துக்குள் நுழைந்ததும் இச்செய்தியை எம் துணைவியாரிடம் உரைத்தோம். அவர் முற்றத்தில் துடைப்பமும் கையுமாக நின்றார்.

"வேப்பம்பூ முத்தமெல்லாம் கொட்டிக் கெடக்கு. பத்து நாளா இதப் பெருக்கிப் பெருக்கி எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. வசந்தம் வந்த சேதி உங்களுக்குக் கிதாபுல பாத்தாத்தான் தெரியுமாக்கும்?"

நாம் ஏதும் மறுமொழி கூறவில்லை. ஆயினும் அன்று தொட்டுத்தான் இப்பருவத்தை எம் வீட்டுப் பெண்மக்கள் எப்படி வரவேற்கிறார்கள் என்பதைக் கண் திறந்து பார்க்கத் தொடங்கினோம் என்று சொன்னால் அது மிகையன்று.

பங்குனி பிறந்ததும் பஞ்சு மெத்தைகள் சுருட்டப்பட்டுப் பரணுக்குப் போகும். கோரைப் பாய்கள் இறங்கும். மண்பானை புதிதாக வரும்; அதனுள் ஒரு பிடி வெட்டிவேர் துணியில் முடிந்து இடப்படும். நன்னாரி வேரைத் தட்டி ஊறவைத்துக் காய்ச்சிய சர்பத்து, எலுமிச்சை பிழிந்து வந்தவர்க்கெல்லாம் வழங்கப்படும். பதநீரும் நுங்கும் தெருவில் வரும். இவற்றை எல்லாம் உண்டும் பருகியும் வந்தோமே அன்றி, ஒரு கை அடுக்கி வைத்துத்தான் இவை வருகின்றன என்று நாம் எண்ணியதில்லை.

எமக்கென்று ஒரு விருப்பம் உண்டு, அது அத்தர். இதில் மட்டும் பருவம் அறிந்தவர் நாம் என்ற செருக்கு எமக்கு இருந்தது. குளிர்காலத்துக்கு ஹினா, ஷமாமா போன்ற சூடான வாசனைகள். வேனிலுக்கு வெட்டிவேரும் மல்லிகையும். வெட்டிவேர் அத்தரைச் செம்புக் கலத்தில் வடித்தால் சற்றே பச்சை நிறம் கொண்டிருக்கும். அந்நிறம் செம்பு தந்தது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரில் இன்றும் பழைய முறையில் வடிக்கிறார்கள். 'தேக்' என்னும் பெரிய செம்புக் கொப்பரையில் மலரும் நீரும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, கீழே தீ மூட்டுவார்கள். ஆவி மூங்கிற் குழாய் வழியே சென்று, நீரில் அமிழ்த்திய 'பப்கா' என்னும் கலத்தில் இருக்கும் சந்தன எண்ணெயில் படிந்து மணமாகும். சந்தனத்தின் விலை ஏறிய பிறகு அந்த இடத்தைப் பாரஃபின் எண்ணெய் பிடித்துக்கொண்ட கடைகள் பல. தோலில் தேய்த்து ஒரு பொழுது கழித்து முகர்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியும்.

எல்லாவற்றினும் அருமையானது மண் அத்தர். சுட்ட களிமண்ணைக் கொப்பரையில் இட்டு வடிப்பது. கோடையின் முதல் மழைத்துளி புழுதியில் விழுந்ததும் எழுமே, அந்த மணம். ஒரு குப்பி நானூறு ரூபாய் கொடுத்து வாங்கி வந்து எம் துணைவியாரின் புறங்கையில் தடவினோம். முகர்ந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் திண்ணையில தண்ணி தெளிச்சாலே இந்த வாசம் வருமே" என்றார். நானூறு ரூபாயைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாமும் கூறவில்லை.

மருதாணி பெண்களின் ஆட்சிக்குரியது. எம் வீட்டுக் கொல்லையில் ஒரு மரம் இருக்கிறது. இலையை உருவி, ஒரு கொட்டைப்பாக்குச் சேர்த்து அம்மியில் வெண்ணெய்போல் அரைத்து, இரவில் இட்டுக்கொண்டு உறங்குவார்கள். காலையில் கழுவும்போது இளஞ்சிவப்பு. இரண்டு நாளில் அது தானே முதிர்ந்து செம்மை ஏறும். இதற்குப் பொறுமை வேண்டும். அது இல்லாதவர்க்கென்று கடையில் 'கருப்பு மருதாணி' வந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் கருகருவென்று பிடிக்கும். மருதாணி இலைக்குக் கருமை இல்லை. அந்தக் கருமை பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்னும் இரசாயனத்தால் வருவது. பெருநாளன்று கையில் பூத்த கோலம் ஒரு வாரத்தில் கொப்புளமாக எழும்பியதை எம் உறவிலேயே கண்டிருக்கிறோம்.

அதைக் கண்டு பிறர் அறியாமையை நொந்துகொண்ட நாம், எம் சட்டைப் பையில் இருந்த குப்பியைப் பற்றி எண்ணவில்லை. அது சுர்மா.

வேனிற் காலத்தில் கண் எரிச்சலுக்குச் சுர்மா இடுவது எம் வாப்பா காலத்து வழக்கம். 'இஸ்மித்' என்னும் அஞ்சனக்கல்லின் சிறப்பு நபிமொழி நூல்களில் வந்திருக்கிறது. அதனை ஓதியும் ஓதிக்கொடுத்தும் இருக்கிறோம். ஆகவே எம் மூத்த பேரன் பிறந்த 2018-ஆம் ஆண்டிலிருந்து வெள்ளிதோறும் அவன் கண்களுக்குச் சுர்மா இடுவதை எம் பொறுப்பாகவே வைத்திருந்தோம். மூன்று ஆண்டுகள் கழிந்து பேத்தி பிறந்தாள். நாற்பதாம் நாள் குப்பியும் குச்சியுமாகத் தொட்டிலருகே சென்றபோது எம் மகள் கையைக் குறுக்கே நீட்டினாள். அவள் மருந்தியல் படித்தவள்.

"வேணாம் வாப்பா. இதுல ஈயம் இருக்கும்."

நாம் கிதாபின் பெயரைச் சொன்னோம். அறிவிப்பாளரின் பெயரைச் சொன்னோம். அவள் குரலை உயர்த்தவில்லை. "ஹதீஸை யாரு மறுத்தா, வாப்பா? அதுல இஸ்மித்துன்னு வந்திருக்கு. இந்தக் குப்பிக்குள்ள இருக்கது இஸ்மித்துத்தான்னு யாரு அறிவிச்சா?" என்று கேட்டாள்.

வாசகர்களே, ஒரு செய்தி எம்மிடம் வந்தால் அது யார் வழியாக வந்தது, அவர் யாரிடம் கேட்டார் என்று சங்கிலியைத் தேடுவதே எம் தொழில். முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு நாம் அதைத்தான் கற்பித்து வருகிறோம். கடைத்தெருவில் வாங்கிய ஒரு குப்பிக்கு மட்டும் அந்தச் சங்கிலியை நாம் தேடவில்லை. மகள் கேட்டது சரி என்று அக்கணமே தெரிந்தது. தெரிந்ததனாலேயே கோபம் வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசாதிருந்தோம். இதை எழுதுவதில் எமக்குப் பெருமை இல்லை.

மூன்றாம் நாள் அவள் பேரனை மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தம் சோதித்தாள். டெசிலிட்டருக்கு ஏழு மைக்ரோகிராம் ஈயம் என்று முடிவு வந்தது. ஐந்தை எட்டினாலே காரணத்தைத் தேடி அகற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பிள்ளைகளுக்குத் தீங்கற்ற அளவென்று ஒன்று அறியப்படவே இல்லை என்பதும் அந்நிறுவனத்தின் கூற்று. ஈயக்கல்லும் அஞ்சனக்கல்லும் கருத்து மின்னுபவை. பொடித்துவிட்டால் கண்ணால் பிரித்தறிவது அரிது. சுர்மா என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி ஈயக்கல்லே என்று மருத்துவர் விளக்கினார். வளரும் பிள்ளையின் மூளையை, கற்கும் ஆற்றலை அது மெல்ல மெல்லக் குறைக்கும் என்றும் சொன்னார். அவனுக்கு அலிஃப், பே கற்றுக்கொடுத்த அதே விரலால் வெள்ளிதோறும் நாம் இட்டது அதுதான்.

குப்பியை ஒழித்தோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நான்காகக் குறைந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ். குறைந்துவிட்டது என்பதனால் மூன்று ஆண்டு திரும்பி வராது.

மகளிடம் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எம் தலைமுறைத் தந்தையர்க்கு இல்லை. சுற்றி வளைத்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டோம். அவள் புரிந்துகொண்டாள். "எனக்கு ஒண்ணும் வேணாம் வாப்பா. உம்மாவ ஒருநாள் பாபநாசத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

எம் துணைவியார் பத்தமடையில் பிறந்தவர். அவ்வூர்ப் பாய்களை அறியாதார் இலர். 1953-இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு அங்கிருந்து ஒரு பாய் சென்றதாக ஊரார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். கோரையைக் கீறி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, உலர்த்தி, சாயமேற்றி, நம் சமுதாயப் பெண்கள் நெய்யும் பட்டுப்பாய் கைக்குள் மடங்கும். மணப்பாயில் மணமக்கள் பெயரையும் நெய்து தருவார்கள். எம் நிக்காஹின்போது எம் மாமியார் நெய்தளித்த பாய் இன்னும் இருக்கிறது. சிறுமியாய்க் கோரையை நீரில் அமிழ்த்திக் கல் ஏற்றிய நாளில் எம் துணைவியார் தம் உம்மாவிடம், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பாராம். பாபநாசத்து மலையிலிருந்து என்பது விடை. அதைப் பார்க்க வேண்டும் என்று மணமான புதிதில், 1996-இல், எம்மிடம் கேட்டார். ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவு. ஓர் ஆண்டு தேர்வு, ஓர் ஆண்டு குழந்தை, ஓர் ஆண்டு மனைக் கடன். 2020 முதல் நான்கு ஆண்டுகள் சித்திரையும் ரமலானும் ஒன்றை ஒன்று தொட்டு வந்தன. அதுவும் எமக்குச் சாக்காயிற்று. மகளிடம் ஒப்புக்கொண்ட பிறகும் நான்கு சித்திரைகள் கடத்தினோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

2025-இல் நோன்புப் பெருநாள் மார்ச் 31-இல் கழிந்தது. சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாள், ஃபஜ்ரு தொழுததும் கட்டுச்சோற்றுத் தூக்குடன், நாங்கள் இருவரும் மகளும் பேரப்பிள்ளைகள் இருவருமாக வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் ஏறினோம். பத்தமடை வந்ததும் எம் துணைவியார் சன்னலோரம் எழுந்து நின்றார். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊர்கள் வர வர மலை அருகே வந்தது. வாய்க்காலோரம் எல்லாம் வெயிலிலும் பச்சை.

பாபநாசத்தில் தாமிரபரணி சமவெளியைத் தொடுகிறது. அருவி பக்கம் செல்லவில்லை. பெண்களோடு சென்றதால் நெருக்கம் குறைந்த ஒரு கரையை நாடினோம். யாரோ களைந்து எறிந்த துணிகள் கரைச் சேற்றில் குவிந்து கிடந்தது கண்ணை உறுத்தியது. ஆற்றுக்கு அது செய்யத் தகாத தீங்கு. சற்று மேலே மருத மர நிழலில் நீர் தெளிந்து ஓடியது. பேரன் பொரியை வீச, மீன்கள் கூட்டமாய் வந்து மொய்த்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரையை உடைத்துக்கொண்டு வந்த ஆறு இதுதானா என்று மகள் வியந்தாள்.

எம் துணைவியார் பாறையில் அமர்ந்து கணுக்கால் அளவு நீரில் கால் வைத்தார். நெடுநேரம் பேசவில்லை. பின் இரு கைகளாலும் நீரை அள்ளி முகத்தருகே கொண்டுசென்று முகர்ந்தார்.

"உம்மா கைவாசம்" என்றார்.

நாமும் ஒரு கை அள்ளி முகர்ந்தோம். பச்சை வாசமும் கல் வாசமும் தெரிந்தன. வேறொன்றும் எமக்குத் தெரியவில்லை. சட்டைப் பையில் இருந்த மண் அத்தரை எடுக்காமல் இருந்துகொண்டோம்.

புளிச்சோறும் அவித்த முட்டையும் உண்டு, ளுஹரை அந்த நிழலிலேயே தொழுதோம். அஸருக்குப் புறப்பட வேண்டும் என்றோம். "காரையாறு அணை இதுக்கும் மேலயா?" என்று எம் துணைவியார் கேட்டார். மேலேதான், வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகவேண்டும் என்றோம். "அப்போ தண்ணி அங்கேயிருந்துல்ல வருது" என்றார். பேரன் இன்னொரு பொட்டலம் பொரி வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தான். வாங்கப் போனோம்.