பூத்தேநீரும் அம்மாவின் குளிசையும்

ஜப்பான் என்றதும் எங்கள் துறைமுகப் பகுதிப் பெரியவர்கள் சொன்ன கதை ஒன்றே ஒன்றுதான்: 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் நடந்த குண்டுவீச்சு. அதைக் கேட்டு வளர்ந்த என் கைக்கு, அங்கே வேலை செய்யும் உறவுக்காரத் தம்பி போன வருடம் ஒரு சிறு பொதியைக் கொண்டுவந்து தந்தான். உள்ளே உப்பிட்ட செர்ரிப் பூக்கள்.

செய்முறை நமது ஊறுகாயைப் போன்றதே. பாதி விரிந்த அடுக்குப் பூக்களைக் காம்போடு பறித்துக் கழுவி, உப்பிட்டு, பாரம் வைத்து அழுத்துவார்கள். பிறகு, 'ஊமே' என்ற புளிப்புக் காயை உப்பிலிடும்போது ஊறும் சாற்றில் சில நாள் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மறுபடியும் உப்பில் போட்டு வைப்பார்கள். ஒன்றிரண்டு பூவை அலசிக் கோப்பையிலிட்டுச் சுடுநீர் வார்த்தால் இதழ்கள் மெல்ல விரியும். தேயிலை சேர்ப்பதில்லை. நிச்சயதார்த்தத்திலும் கலியாணத்திலும் இதைத்தான் பரிமாறுவார்களாம். 'தேநீரைக் கலக்குதல்' என்றால் அவர்கள் பேச்சில் மழுப்புதல் என்று பொருள். அதனால் நல்ல காரியத்தில் சாதாரணத் தேநீரைத் தவிர்த்து, தெளிந்த பூநீரைக் கொடுக்கிறார்கள்.

அம்மா ஒரு மிடறு குடித்தார்.

"உப்புக் கரிக்குது பிள்ளை. எங்கட ஆவரசம்பூத் தண்ணிக்கு இது கிட்டவும் வராது. நான் குளிசையை விட்டு ரெண்டு மாதம். அதுவே எனக்குக் காணும்."

எனக்குத் திக்கென்றது. வீடு வீடாகப் போய் "மருந்தை நிறுத்தாதேங்கோ" என்று சொல்பவள் நான். என் வீட்டு அலுமாரியில் குளிசைகள் சேர்ந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை. மறுநாள் கிளினிக்கில் பார்த்தபோது அம்மாவின் குருதியில் சீனி மிக உயர்ந்திருந்தது. காலில் ஆறாத சிறு புண்ணும் இருந்தது. பூத்தண்ணீரோடு தினமும் ஒரு துண்டு பனங்கட்டியும் கடித்திருக்கிறார்! பனங்கட்டியும் சீனியின் தங்கைதானே?

ஆவரசுக்குச் சித்த வைத்தியத்தில் நல்ல பெயர் உண்டு. சிங்களச் சகோதரிகளும் 'ரணவரா' என்று அதே பூவை அவித்துக் குடிக்கிறார்கள். ஆனால் குளிசையின் இடத்தில் அதை வைக்கக் கூடாது.

இப்போது அம்மா குளிசையைத் தவறவிடுவதில்லை. புண்ணும் ஆறிவிட்டது. வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, சில மாலைகளில் மட்டும் பூத்தேநீர் வைக்கிறோம். வீதிப் புழுதி படாத செடியில் பூப் பறித்து, கழுவி, சுளகில் பரப்பி நிழலில் காயவிட்டுப் போத்தலில் அடைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிப் பூ போட்டு, சில நிமிடம் கொதித்ததும் வடித்தால் போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பிட்ட செர்ரிப் பூவை விட இதுவே நல்லது.

சகோதரிகளே, பூத்தேநீரை மகிழ்ச்சிக்காகக் குடியுங்கள். குடிக்கும்போது பக்கத்தில் இருக்கும் அம்மாவிடமோ மாமியிடமோ "இன்றைக்குக் குளிசை போட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மழுப்பினால், எழுந்து போய் அலுமாரியைத் திறந்து பாருங்கள்.