சிந்தை தெளிவாயிருக்கும்போதே



கம்பம் பள்ளத்தாக்கில் நான் ஜெபிக்கச் செல்லும் இல்லங்கள் பலவற்றில் இன்று முதியோர் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ அயல்நாட்டிலோ வாழ்கிறார்கள். சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம், மலைக்கு அப்பால் இடுக்கியில் ஏலத்தோட்டம், வங்கியில் வைப்புத்தொகை என, தளர்ந்த கையினால் பல இடங்களில் கையொப்பமிட வேண்டியிருக்கிறது. ஜெபம் முடிந்தபின் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள்: "ஐயா, மகனுக்குப் பவர் எழுதிக் கொடுக்கலாமா?"

எல்லாம் கைவிட்டுப் போய்விடுமோ என்கிற பயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதை நான் அவிசுவாசம் என்று எண்ணுவதில்லை. பார்வோன் தன் முத்திரை மோதிரத்தை யோசேப்புக்கு அணிவித்தான். சிங்காசனத்தையோ தனக்கே வைத்துக்கொண்டான். அதிகாரப் பத்திரமும் அத்தகையதே. உடைமை உங்களுடையதாகவே இருக்கும். எழுதிய காரியங்களை மட்டுமே மற்றவர் உங்கள் பெயரால் செய்யலாம். நிலத்தை விற்கும் அதிகாரம் கொடுக்க மனமில்லையென்றால் அதை எழுதாதிருங்கள். வங்கிக் காரியத்துக்கு மட்டும் என்றும் எழுதலாம். வழக்கறிஞர் எழுதியதை ஒருமுறை முழுவதும் வாசிக்கக் கேளுங்கள்; வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால், "முடியாமற்போகும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, கொடுத்தவர் மரித்தாலும் சித்தம் கலங்கினாலும் அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. இங்கிலாந்தில் நினைவு தவறிய பின்னும் செல்லுகிற பத்திரம் உண்டு. அங்குள்ள பிள்ளைகள் அதை நினைத்துப் பேசுகிறார்கள். நம் தேசத்தில் அது இல்லை. இங்கே பவர் என்பது கால் தளர்ந்தவருக்கு ஊன்றுகோல். நினைவிழந்தவருக்கு அது உதவாது.

அந்த நிலை வந்தால் நீதிமன்றமே வழி. 2024இல் கோமாவில் கிடந்த கணவருக்காக ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார். சிவில் நீதிமன்றத்தை நாடும்படி தனி நீதிபதி கூறினார். அவர் மேல்முறையீடு செய்தபிறகே, இரு நீதிபதிகள் அமர்வு அவரைப் பாதுகாவலராக நியமித்து, கணவரின் சொத்தைக் கையாள அனுமதித்தது. சிகிச்சைக்குப் பணம் தேவைப்படும் வேளையில் அந்த அலைச்சல் எத்தகையது! ஆகையால், வங்கிக் கணக்கில் துணைவரின் பெயரையும் சேர்த்து, இருவரில் எவரும் பணம் எடுக்கும்படி இப்போதே மாற்றிவிடுங்கள். உயிலை வேறாக எழுதுங்கள்.

மோதிரம் பெற்ற பிள்ளைகளே, பஞ்சகாலத்தில் தானியம் விற்ற பணத்தை யோசேப்பு பார்வோனின் அரமனையிலேயே சேர்த்தான். நீங்களும் மாதந்தோறும் வங்கிப் புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து, தகப்பனாரின் கையில் கொடுங்கள். அவர் கண் மங்கியிருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.