தடை என்ன?

உயர்தரப் பரீட்சை எழுதியபின் ஹட்டனில் ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தேன். ஐந்து பேர் சேர்ந்து ஓர் இணையத்தளம் அமைக்க வேண்டும். தகவல் திரட்டும் பொறுப்பு தோட்டத்திலிருந்து வரும் தோழிக்கு. மூன்று வாரமாகியும் அவள் முடிக்கவில்லை. சோம்பேறி என்றே எண்ணிக்கொண்டோம்.

அப்போதுதான் 'அஜைல்' முறையைப் படித்தோம். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி அதன் கொள்கைகளை எழுதினர். வேலையைச் சிறு பகுதிகளாகச் செய்து, காட்டி, திருத்திக்கொண்டே போவதுதான் அதன் சாரம். அதில் அடங்கும் 'ஸ்க்ரம்' முறையில் குழுவினர் தினமும் 15 நிமிடம் கூடுவர். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன என்று ஒவ்வொருவரும் சொல்வது வழக்கம்.

"எங்க அம்மா போற பெரட்டு மாதிரியா?" என்று தோழி கேட்டாள்.

"பெரட்டில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள். இங்கே எல்லாரும் சொல்ல வேண்டும்" என்றார் ஆசிரியை.

மறுநாள் வட்டமாக நின்றோம். அவள் முறை வந்தது.

"வீட்டில ஒரு போன்தான். தம்பி படிச்ச பிறகுதான் எனக்குக் கிடைக்கும்."

தகவல் திரட்டும் வேலையை நான் ஏற்றேன். பக்கங்களின் அமைப்பை அவள் தாளில் வரைந்தாள். குறித்த நாளில் தளம் தயாரானது.

மூன்று வாரமாக அவளைக் குறை சொன்னோம், ஒரு நாளாவது "தடை என்ன?" என்று கேட்கவில்லை.